பனையேறிக்கு என்ன நிறம்?

அன்புள்ள அண்ணாச்சி,

தக்கலையில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். மகன் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு செய்து பழகுகிறான். அதில் வரும் ஆட்களுக்கு நிறம் கொடுப்பது என் வேலை. பனையேறி, மீன் கடவம் சுமக்கும் அக்கா, தோவாளைப் பூக்காரர் என்று மூன்று பேர், எல்லாம் 32×32 பிக்சல். கோட்டுப்படத்தை நண்பர் வாட்ஸாப்பில் அனுப்பினார். ஜிம்ப் என்ற படம் வரையும் மென்பொருளில் பக்கெட் ஃபில் (கோட்டுக்குள் ஒரே சொடுக்கில் நிறம் நிரப்புவது) போட்டால் கோட்டோரம் வெள்ளைப் பொட்டுகள் நிற்கின்றன. பனையேறிக்கு போட்டோவிலிருந்தே நிறம் எடுத்து வைத்தேன். பார்த்தால் வெறும் கறுப்புக் கட்டி. ஆளைக் கொஞ்சம் வெளுப்பாக்கினால் சரியாகுமா? போட்டோஷாப் வாங்க வேண்டுமா?

ஆர்., தக்கலை

அன்புள்ள ஆர்.,

அந்தப் பொட்டுகள் வாட்ஸாப்பில் ஏறியபோதே வந்துவிட்டன. அது படத்தை ஜேபெக் ஆக்கிவிடும். ஜேபெக் படத்தை 8×8 கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கும். உங்கள் பனையேறி மொத்தமே 16 கட்டம்தான். போதாததற்கு, நிறத்தைப் பெரும்பாலும் 4 பிக்சலுக்கு ஒன்று என்றே வைத்துக்கொள்ளும். முட்டம் கடற்கரை போட்டோவில் இதெல்லாம் கண்ணில் படாது. ஆனால் ஒரு பிக்சல் கோட்டைச் சுற்றி சாம்பல் அழுக்காகப் படிந்துவிடும். பக்கெட் அந்த அழுக்கை வேறு நிறம் என்று ஒதுக்கிவிடுகிறது. த்ரெஷோல்டை (எவ்வளவு வேறுபட்ட நிறத்தையும் ஒன்றாக எடுத்துக்கொள்வது என்ற அளவை) கூட்டினாலோ கோட்டையும் சேர்த்து விழுங்கும். இந்தச் சின்ன அளவில் கோட்டைப் புதிதாகவே போட்டுவிடலாம். பெயிண்ட்பிரஷ் ஓரத்தை மழுக்கும், ஆகவே பென்சில், அளவு 1. கோடு ஒரு லேயரிலும் நிறம் அதற்கு அடியில் இன்னொன்றிலும் இருக்கட்டும். பெரிதாக்கும்போது இன்டர்போலேஷன் (இடைநிறங்களைக் கலப்பது) ‘None’ என்று வையுங்கள், சேமிப்பது பிஎன்ஜி.

இனி பனையேறி. வெளுப்பாக்காதீர்கள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ‘ஸ்கின்’ என்ற பெயரில் ஆயத்தமாகக் கிடைக்கும் நிறவரிசைகள் பலவும் பீச் பழ நிறத்தில் தொடங்குகின்றன. அதைப் பூசிய பனையேறி, பள்ளி ஆண்டுவிழாவில் வேஷம் கட்டி வந்த பையன் மாதிரி இருப்பார். அவர் தோலில் குற்றமே இல்லை. கரும்பழுப்பு உடம்பு, சுற்றிலும் கறுப்புக் கோடு, பின்னால் கறுத்த பனைத்தடி. மூன்றும் வெளிச்ச அளவில் கிட்டத்தட்ட ஒன்று. ஜிம்ப்பில் டீசாச்சுரேட் கொடுத்து நிறத்தை நீக்கிச் சாம்பலாக்கிவிட்டு 100 சதவீத அளவில் பாருங்கள், ஆள் மரத்துக்குள் காணாமல் போயிருப்பார். சாம்பல் நிறத்திலேயே பிரிந்து தெரியாத உருவத்தை எந்த நிறமும் காப்பாற்றாது.

மாற்ற வேண்டியது கோட்டையும் மரத்தையும். உடம்புக்குள் வரும் கறுப்புக் கோடுகளை எடுத்துவிட்டு, கை மார்பைக் கடக்கும் இடத்தில் நிழலை மட்டும் வையுங்கள். ஹெச்எஸ்வி அளவில் நடுநிறம் ஹியூ (நிறவகை) 20, சாச்சுரேஷன் (நிறச் செறிவு) 60, வேல்யூ (வெளிச்சம்) 50 என்று ஆரம்பிக்கலாம். நிழலுக்கு ஹியூவை 5-ஐ நோக்கித் தள்ளி வேல்யூ 30. வெயில் படும் தோளுக்கு ஹியூ 30, வேல்யூ 72. நிழல் என்றால் கறுப்பைக் கலப்பது என்று வைத்தீர்களானால் தோல் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். கறுத்த தோல் வெயிலில் செம்மையாகத்தான் மின்னும், சந்தேகமிருந்தால் மத்தியானம் குளச்சல் கடற்கரைக்குப் போய் வலை இழுப்பவர்களைப் பாருங்கள். பனைத்தடியை நீலம் கலந்த வெளிர்சாம்பல் ஆக்கிவிடுங்கள். உண்மையான பனை அப்படி இருக்காதுதான், இருந்துவிட்டுப் போகட்டும். இடுப்பு அருவாப்பெட்டிக்கு நாலு பிக்சல் வைக்கோல் மஞ்சள். அவரைப் பனையேறி ஆக்குவது அதுதான்.

போட்டோவிலிருந்து எடுப்பது ஏன் உதவாது என்றால், ஒரு கையின் போட்டோவிலேயே நூற்றுக்கணக்கான பழுப்புகள் இருக்கும். நீங்கள் தொட்டது அதில் ஏதோ ஒன்று. சின்ன உருவத்தில் நிறத்தின் வேலை ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது. 1981-ல் டாங்கி காங் வீடியோ விளையாட்டுக்காக அதை வடிவமைத்த மியாமோட்டோ, மாரியோ என்ற பாத்திரத்தை வரைந்தபோது முடி வரைய இடமில்லாமல் தொப்பி வைத்தார், வாய்க்குப் பதில் மீசை வைத்தார், கை வீசுவது தெரியட்டும் என்று ஓவரால் (தோளில் பட்டை மாட்டிய கால்சட்டை) போட்டார். 1985-ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் ஒரு ஸ்பிரைட்டுக்கு (திரையில் நகரும் உருவத்துக்கு) 3 நிறம்தான் அனுமதி. முடி, மீசை, சட்டை, ஷூ எல்லாவற்றுக்கும் ஒரே நிறம். யார் குறை சொன்னார்கள்? உங்கள் ஊர் பத்மநாபபுரம் அரண்மனைச் சுவரோவியங்களின் மரபும் காவிச் சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு, வெள்ளை என்ற ஐந்தை அடிப்படையாகக் கொண்டதுதானே.

அக்காவுக்குப் பெரிய யோசனை வேண்டாம்: சேலை ஒரு நிறம், கடவம் ஒரு நிறம், மேலே தெரியும் மீனுக்கு ரெண்டு வெள்ளைப் பிக்சல். பூக்காரரின் கூடையில் பூவைத் தனித்தனியாக வரைய முயலாதீர்கள், ஆரஞ்சுக் குவியலில் அங்கங்கே மஞ்சள் போதும்.

மூவருக்கும் சேர்த்து 16 நிறத்துக்குள் நில்லுங்கள். படத்தை இன்டெக்ஸ்டு முறைக்கு மாற்றினால் கலர்மேப்பில் (படத்தின் நிறப் பட்டியலில்) ஒரு நிறத்தைத் திருத்தியதும் அந்தப் படத்தில் அது வரும் இடமெல்லாம் மாறிவிடும். மகன் நாளைக்கு சாயங்காலக் காட்சி கேட்டால் மறுபடி பூச வேண்டியதில்லை.

போட்டோஷாப் இதற்கு வேண்டாம். 1996 முதல் வந்துகொண்டிருக்கும் ஜிம்ப் இலவசம், இந்த வேலைக்கு அதுவே அதிகம். ஆட்கள் நடக்கவும் ஏறவும் வேண்டும் என்று மகன் சொல்வான். அப்போது பிக்சல் உருவங்களை அசைய வைக்கும் லிப்ரேஸ்பிரைட் மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள், அதுவும் இலவசம்தான்.