ஒரே காயிலுக்கு இரண்டு அளவுகள்

கேள்வி: மோட்டார் காயில் கட்டும் கடையில் வாங்கிய எனாமல் செம்புக் கம்பியை, பி.வி.சி. குழாயின் மேல் 4 செ.மீ. நீளத்துக்கு 20 சுற்றுகள் சுற்றியிருக்கிறேன். கம்பியின் மையத்திலிருந்து மையத்துக்கு விட்டம் 5 செ.மீ. இந்தச் சுருளின் இண்டக்டன்ஸை (மின்தூண்டு திறனை) எல்.சி. மீட்டர் 15.8 மைக்ரோஹென்றி என்று காட்டுகிறது; வேண்டிய அதிர்வெண்ணில் அளக்கும் நானோ வி.என்.ஏ. கருவியோ 7.1 மெகாஹெர்ட்ஸில் 18.7 காட்டுகிறது. ஆன்டெனாவை வானொலிக் கருவியோடு இசையச் செய்யும் டியூனருக்கு எதை நம்புவது?
— அமெச்சூர் வானொலி ஆர்வலர், திருமங்கலம்

பதில்: இரண்டையும் நம்பலாம். ஹரால்ட் வீலர் 1928-இல் வெளியிட்ட சூத்திரத்தைச் சென்டிமீட்டருக்கு மாற்றினால், விட்டத்தின் வர்க்கத்தைச் சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்கி, விட்டத்தின் 45.7 மடங்கும் நீளத்தின் 101.6 மடங்கும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். உங்கள் காயிலுக்கு 15.75 வருகிறது. எல்.சி. மீட்டர்கள் பெரும்பாலும் ஒரு மெகாஹெர்ட்ஸுக்குக் கீழேயே அளப்பதால், அதன் விடை இதை ஒட்டியே நிற்கிறது.

அதிர்வெண் ஏறும்போதுதான் சுற்றுகளுக்கு இடையிலும் இணைப்புக் கம்பிகளிலும் ஒளிந்திருக்கும் மின்தேக்குத்திறன் தலைகாட்டி, இண்டக்டன்ஸைக் கூட்டிக் காட்டுகிறது. அதை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. காயிலோடு முதலில் 100, பிறகு 400 பிக்கோபாரட் மின்தேக்கியை இணையாக வைத்து ஒத்ததிர்வு அதிர்வெண்ணை (இரண்டும் சேர்ந்து இயல்பாக அதிரும் அதிர்வெண்ணை) குறித்துக்கொள்ளுங்கள். மறைந்த மின்தேக்குத்திறன் இல்லையென்றால் இரண்டாவது அதிர்வெண் முதலாவதில் சரிபாதியாக இருக்கும். 3.914, 1.993 மெகாஹெர்ட்ஸ் என்று வந்தால், பாதியைவிடக் கூடுதலாக உள்ள அந்தச் சிறு வித்தியாசமே சுமார் 5 பிக்கோபாரட் ஒளிந்திருப்பதைச் சொல்லிவிடுகிறது. இதற்கு சில்வர் மைக்கா மின்தேக்கிகளே உகந்தவை. சாதாரண செராமிக் வகையின் மதிப்பு வெப்பத்தில் மாறுவதால், மதுரை வெயிலில் காலையில் எடுத்த அளவு மதியம் பொருந்தாமல் போகலாம்.

இந்த 5 பிக்கோபாரட்டோடு உங்கள் காயில் சுமார் 17.9 மெகாஹெர்ட்ஸில் தானே ஒத்ததிர்கிறது. ஆகவே 7.1-இல் 18.7 ஆகத் தோன்றும் அதே காயில், 14.1-இல் 41 மைக்ரோஹென்றியைத் தாண்டிவிடும். 21 மெகாஹெர்ட்ஸில் மின்தேக்கி போலவே நடந்துகொள்ளும். டியூனரைக் கணினியில் மாதிரியாக்கிப் பார்த்தால், காயிலுக்கு 15.75 மைக்ரோஹென்றியையும் அதற்கு இணையாக 5 பிக்கோபாரட்டையும் கொடுங்கள். அங்கே 18.7-ஐக் கொடுத்தால் ஒரே விளைவை இரு முறை கணக்கில் சேர்த்தவராவீர்கள்.

அந்த மாதிரியில் காயிலோடு தொடராக இடும் மின்தடையை மட்டும் மல்டிமீட்டரில் பார்த்து எழுதிவிடாதீர்கள். 7 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் ஏறக்குறைய 0.025 மி.மீ. ஆழத்துக்குள்ளேயே பெரும்பாலும் ஓடுவதால், உண்மையான மின்தடை மல்டிமீட்டர் காட்டுவதைப் போல் பல மடங்காகும். காயிலின் கியூ மதிப்பு (இழப்பு எவ்வளவு குறைவு என்பதைக் காட்டும் எண்) 200 என்று அளந்தால், 7.1-இல் தொடர் மின்தடையாக 3.5 ஓம் இடுவது பொருந்தும். காயிலை உலோகப் பெட்டிக்குள் பொருத்தப் போகிறீர்கள் என்றால், பொருத்திய பிறகு இந்த அளவுகளை மறுபடியும் எடுங்கள். அருகிலுள்ள உலோகம் இண்டக்டன்ஸைக் குறைத்துவிடும்.