கேளுங்கள் சொல்கிறோம்: புதுக்கடைக் கதிரையும் நம்ம லயமும்

பிரதம நீதியரசர் யார், எந்த நீதிபதி யாருக்கு வேண்டியவர் என்று பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வருகிறது. கொழுந்து எடுக்கிற எங்களுக்கு அதனால் என்ன?
– வாசகி, மஸ்கெலியா

உங்கள் நாட்சம்பளத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் 1,700 ரூபாய் என்றார்கள், எல்லோரும் கைதட்டினோம், வர்த்தமானியும் வந்தது. தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை போட்டது. அந்தக் கட்டளை சரியா பிழையா என்பது வேறு பேச்சு. மேடையில் பேசியவர் ஜனாதிபதி, ஆனால் சம்பளச் சீட்டில் அந்த எண் விழுமா விழாதா என்று சொன்னது உயர் நீதிமன்றம் இருக்கிற கொழும்பு புதுக்கடையில் உட்கார்ந்திருந்த சில பேர். அவர்களை அந்தக் கதிரையில் யார், எதைப் பார்த்து உட்கார வைத்தார்கள் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பழைய கதை ஒன்றும் இருக்கிறது. நம் ஆட்களின் குடியுரிமையைப் பறித்த 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு கோடகன்பிள்ளை என்பவர் வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கக் கேட்டார். கேகாலைப் பக்கம் இடாப்பைத் திருத்தும் அதிகாரி சேர்க்கலாம் என்றார். உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது, 1953இல், அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு இடமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலும் கையை விரித்துவிட்டது. நம் தாத்தா பாட்டிகளுக்கு நீதிமன்றத்தில் இருந்த ஒரே கதவும் அதோடு சாத்தப்பட்டது.

அரசியலே வேண்டாம், மூப்பு வரிசைப்படி நியமித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?
– வாசகர், பதுளை

தீர்ந்துவிடும் என்றுதான் நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். 1999இல் மூப்பில் முன்னால் நின்ற மார்க் பெர்னாண்டோவை விட்டுவிட்டு, சட்டமா அதிபராக இருந்த சரத் என். சில்வாவைப் பிரதம நீதியரசராக்கியபோது எழுந்த சத்தம் பலருக்கு நினைவிருக்கும். 2013இல் முன்னாள் சட்டமா அதிபர் மொஹான் பீரிஸ் வந்தார், 2019இல் அதே கதிரையிலிருந்து ஜயந்த ஜயசூரிய. ஆட்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்ற விசாரணை எனக்கு வேண்டாம். அரசாங்கத்தின் வக்கீலாக இத்தனை வருடம் வாதாடியவர், அரசாங்கத்துக்கு எதிரான வழக்கைக் கேட்கிற இடத்தில் தலைவராக உட்காரும்போது வழக்காளிக்கு வயிற்றைக் கலக்குமா கலக்காதா? அதுதான் என் கேள்வி.

ஆனால் கதை அவ்வளவு நேராகவும் இல்லை. 1977இல் ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம், நீதிபதியாகவே இருந்திராத நெவில் சமரக்கோனை வெளியிலிருந்து கொண்டுவந்து பிரதம நீதியரசராக்கியது, தங்கள் ஆள் என்றுதான் ஊரே பேசியது, 1984இல் அதே அரசாங்கம் அவரை விசாரிக்கப் பாராளுமன்றத் தெரிவுக்குழு வைத்தது. ஷிராணி பண்டாரநாயக்கவைப் பாருங்கள். 1996இல் பல்கலைக்கழகத்திலிருந்து நேரே உயர் நீதிமன்றம் வந்தபோது, கறுப்புக் கோட்டுப் போட்டு ஒரு வழக்காவது பேசினாரா என்று சட்டத்தரணிகள் கேட்டார்கள். பிறகு அவரே பிரதம நீதியரசரானார். அரசாங்கம் கொண்டுவந்த திவிநெகும சட்டமூலத்துக்குத் தடையாக வந்த தீர்ப்புக்குப் பிறகு, 2013 ஜனவரியில், குற்றப்பிரேரணை கொண்டுவந்து அவரை வெளியே அனுப்பினார்கள். 2015இல் ஆட்சி மாறியதும் திரும்ப அழைத்துக் கதிரையில் இருத்தி, மறுநாளே ஓய்வு! அவருக்குப் பிறகு வந்தவர் கே. ஸ்ரீபவன்.

ஆக, வந்த வழியை வைத்து ஆளைக் கணிக்க முடியாது. அதற்காக வழி எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்றும் ஆகாது. மூப்பு என்பது, தகுதியை எதைக் கொண்டு அளப்பது என்று எழுதி வைக்காத நாட்டில் நாம் பிடித்துக்கொள்கிற ஊன்றுகோல், அவ்வளவுதான். எழுதிய தீர்ப்புகள், தேங்கிய வழக்குகள், மேல்முறையீட்டில் நின்றவை எத்தனை, விழுந்தவை எத்தனை, இவற்றைப் பார்த்துத்தான் இவரை எடுத்தோம், அவரை விட்டோம் என்று ஒரு பக்கம் எழுதி வெளியிட்டால் என்ன குடி முழுகிப்போகும்? காரணம் சொல்ல வேண்டியதில்லை என்ற இடத்தில்தான் அரசியல் வசதியாகப் பாய் விரித்துப் படுக்கிறது.

அரசியலமைப்புப் பேரவை இருக்கிறதே, அது போதாதா?
– வாசகர், பண்டாரவளை

இருப்பது நல்லது. உயர் நீதிமன்றத்துக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் ஜனாதிபதி பெயரை அனுப்புவார், பேரவை சம்மதித்தால்தான் நியமனம். ஆனால் பத்துப் பேரில் ஏழு பேர் பாராளுமன்றக்காரர்கள், மூன்று பேர்தான் வெளியாட்கள். அதோடு இந்தப் பேரவை 2001இல் 17ஆம் திருத்தத்தோடு வந்தது, 2010இல் போனது, 2015இல் வந்தது, 2020இல் போனது, 2022இல் திரும்ப வந்தது. லயத்துக் கூரைத் தகரத்தையே நாம் இத்தனை தரம் கழற்றி மாட்டியதில்லை.

மகன் சட்டக் கல்லூரியில் இருக்கிறான். நீதவான் ஆக வேண்டும் என்கிறான். மேலே ஆள் இல்லாமல் நடக்காது என்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு வழி உண்டா?
– ஒரு தகப்பன், ஹட்டன்

உண்டு அண்ணே. இதுவரை பேசியது உச்சியில் நடக்கிற கூத்து. நீதவான், மாவட்ட நீதிபதி நியமனங்கள் பிரதம நீதியரசரும் உயர் நீதிமன்ற நீதியரசர்கள் இருவரும் இருக்கிற நீதிச்சேவை ஆணைக்குழுவின் கையில். பரீட்சை இருக்கிறது, நேர்முகம் இருக்கிறது, அதற்கு முன்னால் சில வருடம் சட்டத்தரணியாகத் தொழில் செய்திருக்க வேண்டும். தோட்டத்தில் வேலை நிறுத்தப்பட்டவர்கள் ஏறி இறங்குகிற தொழில் நியாய சபைக்குத் தலைவரை நியமிப்பதும் அதே ஆணைக்குழுதான். எம்.பி.யின் வீட்டு வாசலில் காத்திருக்கிற நேரத்தைப் பையன் பழைய வினாத்தாள்களில் செலவழிக்கட்டும்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மலையகத்தில் ஒரு நீதிமன்றம், பெயர் வேண்டாம். ஒரு அம்மா சாட்சிக் கூண்டில். கணவர் வேலைக்கு வராத நாட்கள் பற்றிய கேள்வி. "அன்னைக்கு அரைப் பேருதான் போட்டாங்க ஐயா, மழை, கொழுந்து நிறுக்கவே விடல்ல, கங்காணி கிட்ட சொன்னேன்" என்று மூச்சு விடாமல் சொன்னார். உரைபெயர்க்கிற நீதிமன்ற முதலியார் அதைச் சிங்களத்தில் நீதிபதிக்குச் சொன்னது ஒரே வரி: அன்று வேலைக்கு வந்தார். அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளக் கணக்கு, எங்கே போனது, மழை எங்கே போனது? நீதிபதிமீது குறை சொல்ல முடியாது, அவர் காதுக்கு வந்தது அவ்வளவுதான். அந்த அம்மா மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார்.

வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களம், தமிழில் பேசுகிறவருக்கு உரைபெயர்ப்பு கேட்கிற உரிமை உண்டு, சட்டம் அப்படித்தான். அதனால் அரைப் பேர் என்றால் என்ன என்று யாரும் விளக்கிச் சொல்லாமலே புரிந்துகொள்கிற நீதவான் ஒருவர் இங்கே உட்கார்ந்தால், அதை நான் சலுகை என்று சொல்லமாட்டேன், தகுதி என்றுதான் சொல்வேன். சரி, பையனிடம் சொல்லுங்கள், சட்டத்தோடு சேர்த்துச் சிங்களத்தையும் எழுதப் படிக்க நன்றாகப் பிடித்துக்கொள்ளட்டும், தீர்ப்பு எழுதுகிற அளவுக்கு. பரீட்சை அறிவித்தல் வர்த்தமானியில் வரும், வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பார்வை பார்த்துவிடச் சொல்லுங்கள்.