மூன்று கொம்ப்ரஸர் வேண்டுமா, ஒன்று போதுமா?

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறேன். அன்ட்ரொய்ட் தொலைபேசியில் பேண்ட்லாப் செயலியைக் கொண்டு பாட்டுச் செய்கிறேன். பீட் மேல் என் குரலைப் பதியும்போது ஒரு வரி காதைக் கிழிக்கிறது, அடுத்த வரி இசைக்குள் அமிழ்ந்துவிடுகிறது. கணினியில் ஒலிப்பதிவு செய்யும் நண்பர், “நல்ல கொம்ப்ரஸர் பிளகின் குறைந்தது மூன்று வாங்காமல் சரிவராது” என்கிறார். 12,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். எதை வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு, குரலின் சத்த ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கொம்ப்ரஸர் பிளகின் எதையும் வாங்காதீர்கள்.

உங்கள் நண்பர் சொல்வது கணினிக்குப் பொருந்தும். அங்கே பிளகின் என்பது தனியாக விற்கும் பொருள். ஒரு நிறுவனத்திடம் வாங்கி இன்னொரு நிறுவனத்தின் மென்பொருளுக்குள் பூட்டலாம். ஐபோனிலும் ஐபேடிலும் 2015 முதல் அதற்கு ‘ஓடியோ யூனிட்’ என்ற பொது ஏற்பாடு இருக்கிறது. அன்ட்ரொய்டில் எல்லாச் செயலிகளும் ஏற்றுக்கொண்ட அப்படியொரு ஏற்பாடு நிலைபெறவில்லை. பேண்ட்லாப், எஃப்.எல். ஸ்டூடியோ மொபைல், கியூபேசிஸ் என்று எதை எடுத்தாலும் அதற்குள் இருக்கும் கொம்ப்ரஸரும், அந்தச் செயலியே உள்ளே விற்கும் கூடுதல் பொருட்களும்தான் உங்களுக்கு உண்டு. ஆகவே அன்ட்ரொய்ட்காரர் தேர்ந்தெடுப்பது செயலியை. கொம்ப்ரஸர் அதனோடு வருகிறது.

அதனால் உங்களுக்கு நட்டம் ஒன்றுமில்லை. கோவில் திருவிழாக் கச்சேரியில் ஒலிபெருக்கிக்காரர் குமிழில் கை வைத்தபடி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாடகர் உச்சத்துக்குப் போனால் கை சற்றுக் குறைக்கும், இறங்கி வந்தால் விட்டுக்கொடுக்கும். கொம்ப்ரஸர் அந்தக் கைதான். எந்த அளவைத் தாண்டினால் கை அசைய வேண்டும் என்பது திரெஷோல்ட். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது ரேஷியோ: 4:1 என்று வைத்தால், எல்லையை 8 டெசிபல் தாண்டிய குரல் 2 டெசிபல் மட்டுமே தாண்டியதாக வெளியே வரும். எவ்வளவு விரைவில் அழுத்துவது என்பது அட்டாக், எவ்வளவு நேரத்தில் கையை எடுப்பது என்பது ரிலீஸ். அழுத்தியதால் மொத்தமாகக் குறைந்த ஒலியை மீண்டும் தூக்கிவிடுவது மேக்கப் கெயின். 100 டொலருக்கு விற்கும் பிளகினிலும், செயலியோடு இலவசமாக வருவதிலும் அடிப்படை வேலை இதுதான். விலை கூடும்போது கூடுவது பெரும்பாலும் ஒலியில் சேரும் தனிச் சாயலும் வசதியும். வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கும் மீட்டரும் நன்றாக இருக்கும்.

இன்றிரவே ஒன்று செய்யுங்கள். குரல் ட்ராக்கை வரி வரியாக வெட்டி, கத்தும் வரியைக் கையால் குறையுங்கள், முணுமுணுக்கும் வரியைக் கூட்டுங்கள். பத்து நிமிட வேலை. நீங்கள் எழுதிய குறையில் பாதிக்கு மேல் இதிலேயே தீரும் என்று நம்புகிறேன், ஏனென்றால் வரிக்கு வரி இவ்வளவு வித்தியாசம் வருவது பெரும்பாலும் மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் மாறுவதால்தான். அதன் பிறகு செயலியின் கொம்ப்ரஸரைப் போட்டு, 3:1 ரேஷியோவில் தொடங்கி, உரத்த இடங்களில் 4 முதல் 6 டெசிபல் வரை குறைகிற மாதிரி திரெஷோல்டை இறக்குங்கள். செயலி அந்தக் குமிழ்களைக் காட்டாமல் ஒரே குமிழாகத் தந்தால், குரல் மூச்சு முட்டுவதுபோல் கேட்கத் தொடங்கும் இடம்வரை திருகிவிட்டு, அதிலிருந்து சற்றுப் பின்னால் வாருங்கள்.

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். நானும் பல வருடங்கள் ஏமாந்தேன். ஒரே பாட்டைச் சற்றுச் சத்தமாகக் கேட்டால் அது தரமானதாகத் தோன்றும். சத்தம் கூடும்போது தாழ்ந்த சுருதி ஒலியும் உயர்ந்த சுருதி ஒலியும் காதுக்கு நிறைவாகக் கேட்கின்றன. ஒலி ஆய்வாளர்களான ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டிய விடயம் இது. பிளகினைத் திறந்து முன்னமைப்பு (ப்ரீசெட்) ஒன்றைத் தொட்டவுடன் “ஆகா” என்று தோன்றினால், அந்த முன்னமைப்பு சத்தத்தைக் கூட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மேக்கப் கெயினைக் குறைத்து, கொம்ப்ரஸர் போட்டாலும் எடுத்தாலும் ஒரே சத்தம் வரும்படி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கேளுங்கள். அப்போதும் போட்டது நன்றாக இருந்தால்தான் அது உண்மையில் நன்றாக இருக்கிறது. விலை கொடுத்து வாங்கும் எந்த பிளகினையும் இந்தச் சோதனையைச் செய்யாமல் வாங்கக்கூடாது.

இன்னொன்று. கொம்ப்ரஸர் உரத்ததைக் குறைத்து மொத்தத்தையும் தூக்குவதால் மெல்லியதெல்லாம் மேலே வரும். 6 டெசிபல் தூக்கினால் சொற்களுக்கு இடையில் உள்ள மின்விசிறியின் இரைச்சலும் 6 டெசிபல் ஏறும். காலி வீதியின் ஹோர்னும் கடலோரப் பாதையில் போகும் ரயிலும் அப்படியே. வெள்ளவத்தையில் எத்தனையோ நல்ல குரல்கள் இதனால் கெட்டுப்போனதைக் கேட்டிருக்கிறேன். இதைத் தீர்க்கும் கொம்ப்ரஸர் எதுவும் கிடையாது. மின்விசிறியை நிறுத்தி, யன்னலைச் சாத்தி, துணி நிறைந்த அலுமாரியைத் திறந்து வைத்து அதன் முன்னால் நின்று பாடுங்கள்.

அந்த 12,000 ரூபாயில் வயர் உள்ள ஹெட்போன் ஒன்று வாங்குங்கள். புளூடூத் வேண்டாம்: பாடும்போது உங்கள் குரல் தாமதித்துத் திரும்பி வரும், அட்டாக் குமிழைத் திருப்பினால் நேரும் நுட்பமான மாற்றமும் அதில் சரியாகப் பிடிபடாது. தொலைபேசியில் ஹெட்போன் துளை இல்லையென்றால் அதற்கான டைப்-சி இணைப்பியையும் சேர்த்துக் கேளுங்கள். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா பக்கம் போனால், கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்டு முடிவெடுக்காமல் நீங்கள் பதிந்த பாட்டையே போட்டுக் கேளுங்கள். உங்கள் குரலின் குறை எந்த ஹெட்போனில் தெளிவாகத் தெரிகிறதோ அதுதான் உங்களுக்கானது. பற்றுச்சீட்டையும் உத்தரவாத அட்டையையும் கேட்டு வாங்குங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. தராவிட்டால் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

கேள்வி: கொட்டாஞ்சேனையில் மிருதங்கம் கற்பிக்கிறேன். மாணவர்களின் வாய்ப்பாட்டையும் மிருதங்கத்தையும் ஐபேடில் கராஜ்பேண்ட் கொண்டு பதிகிறேன். அதிலுள்ள கொம்ப்ரஸரைப் போட்டால் மிருதங்கத்தின் உயிரே போய்விடுகிறது. ஃபேப்ஃபில்டர் ப்ரோ-சி 2 என்ற கொம்ப்ரஸர் பிளகினை வாங்கலாமா? பழைய கருவிகளின் பெயரில் விற்பவை நல்லவையா?

பதில்: உங்களுக்கு வாங்கும் காரணம் இருக்கிறது, ஏனென்றால் எது குறைகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மிருதங்கத்தின் உயிர் அடியின் முதல் சில மில்லி விநாடிகளில் இருக்கிறது. அட்டாக் மிக வேகமாக இருந்தால் கொம்ப்ரஸர் அந்த முதல் தட்டையே நசுக்கிவிடும். வலந்தலையின் (வலப்பக்க முகம்) ‘நம்’ மழுங்கும், தொப்பியின் (இடப்பக்க முகம்) ‘தொம்’ பருத்துப்போகும். அட்டாக்கை 20 முதல் 30 மில்லி விநாடிக்கும் ரிலீஸை 100 மில்லி விநாடிக்குக் கிட்டவும் வைத்து, 3 டெசிபலுக்கு மேல் குறையாமல் பாருங்கள். அடி தப்பித்து வெளியே வந்தபின் அதன் வால் மட்டும் அடங்கும். ஆகவே உங்களுக்கு வேண்டியது அட்டாக்கையும் ரிலீஸையும் தனித்தனியாக, மில்லி விநாடிக் கணக்கில் திருப்ப விடும் பிளகின். அழகான படமும் ஒரே பெரிய குமிழும் கொண்டவை உங்களுக்கு உதவா.

ப்ரோ-சி 2 அந்த வேலைக்குப் பொருந்தும். எட்டு விதமான அழுத்தும் பாணிகள் அதில் இருக்கின்றன; வாய்ப்பாட்டுக்கு ஒன்று, தாளத்துக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ளலாம். எங்கே எவ்வளவு குறைகிறது என்று அலை வடிவத்தின் மேலேயே வரைந்து காட்டுவதால், கற்பிக்கும் உங்களுக்கு அதுவே பாடநூல் போல் பயன்படும். நான் பார்த்தபோது ஐபேட் பதிப்பு ஏறத்தாழ 30 டொலர், கணினிப் பதிப்பின் விலையில் சிறு பங்குதான். இரண்டும் வெவ்வேறு கொள்வனவுகள் என்பதை மறக்க வேண்டாம்: கணினிக்கு வாங்கிய உரிமம் ஐபேடில் செல்லாது. டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் 9,000 ரூபாய், அதற்கு மேல் வங்கி தன் மாற்று வீதத்தையும் கட்டணத்தையும் சேர்க்கும். நவம்பர் கடைசி வாரத்தில் இசைச் செயலிகள் பலவற்றுக்கு விலை குறையும். அவசரமில்லையென்றால் காத்திருங்கள்.

பழைய கருவிகள் பற்றி: பெயர்களுக்குப் பின்னால் உண்மை உண்டு. 1176 என்பது 1960களில் ஒலிப் பொறியாளர் பில் பட்னம் வடிவமைத்த கொம்ப்ரஸர் கருவி. அதன் அட்டாக் மில்லி விநாடியிலும் குறைவு. 20 மைக்ரோ விநாடி வரை போகும். ராப் குரலுக்கு அது முறுக்கேற்றும், உங்கள் மிருதங்கத்தையோ கொன்றுவிடும். அதைப் பின்பற்றும் பிளகின்களில் அட்டாக் குமிழ் தலைகீழாக இயங்குவதும் உண்டு. எண் கூடினால் வேகம் கூடும். எல்.ஏ.-2ஏ என்ற பழைய கொம்ப்ரஸர் வேறு இயல்பு: உள்ளே ஒளியும் ஒளியை உணரும் பொருளும் சேர்ந்து ஒலியை அடக்கும். பிடிக்கும்போது நிதானம், விடும்போது இன்னும் நிதானம். கமகத்தோடு இழுத்துப் பாடும் குரலுக்கு இந்த வகைதான் என் விருப்பம், ஏனென்றால் அசைவின் நடுவில் அது குதிக்காது. ‘ஒப்டோ’ என்று எழுதியிருக்கும் பாணிகள் எல்லாம் இந்தக் குடும்பம். ப்ரோ-சி 2இலும் அது ஒரு பாணியாக இருப்பதால், பாட்டுக்கென்று இரண்டாவது பிளகின் தேவைப்படாது.

வாங்கும் முன் செயலிக் கடையின் பக்கத்தில் மூன்று இடங்களைப் பாருங்கள். ‘ஓடியோ யூனிட்’ என்று எழுதியிருக்கிறதா, உங்கள் ஐபேடின் இயங்குதளத்துக்குப் பொருந்துகிறதா, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள். மூன்றாவதை நான் ஒருமுறை பார்க்காமல் விட்டேன். அழகான கொம்ப்ரஸர் ஒன்றை வாங்கி, அடுத்த இயங்குதளம் வந்த வாரமே அது திறக்க மறுத்தது. அதைச் செய்தவர்கள் கைவிட்டு இரண்டு வருடமாகியிருந்தது. அதை வைத்துக் கலந்த நான்கு பாட்டுகளையும் மீண்டும் கலக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து, திருப்தியாக வந்த ட்ராக்கை பிளகினோடு சேர்த்துச் சாதாரண ஒலிக் கோப்பாக உடனே எடுத்து வைத்துவிடுகிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

கேள்வி: ஐபோனில் கொம்ப்ரஸர் ஒன்று வாங்கினேன். நான் பாட்டுச் செய்யும் செயலிக்குள் அது தோன்றவே இல்லை. பணத்தைத் திரும்பப் பெற முடியுமா?

பதில்: முதலில், உங்கள் செயலி வெளி பிளகின்களை ஏற்கிறதா என்று பாருங்கள். கராஜ்பேண்டும் கியூபேசிஸும் ஐபோனில் ஏற்கின்றன; எல்லாச் செயலியும் ஏற்பதில்லை. வாங்கிய பிளகினை ஒருமுறை தனியாகத் திறந்துவிட்டுத் தொலைபேசியை அணைத்துப் போட்டாலே சிலவேளை பட்டியலில் வந்துவிடும். அப்படியும் வராவிட்டால் ஆப்பிளின் ‘பிரச்சினையை அறிவி’ பக்கத்தில் பணம் கேட்டு விண்ணப்பிக்கலாம்; காரணத்தை ஒரே வரியில் தெளிவாக எழுதுங்கள், நாளைக் கடத்த வேண்டாம். கூகிள் பிளேயில் வாங்கியவர்கள் 48 மணி நேரத்துக்குள் கேட்பதே நல்லது.

கேள்வி: விலை உள்ள இசைச் செயலியின் ‘திறக்கப்பட்ட’ பதிப்பை நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் வங்கிச் செயலி இருக்கும் அதே தொலைபேசி அது. யாரோ பிரித்துத் திருத்திக் கட்டிய கோப்புக்குள் என்ன வைத்திருக்கிறார் என்று உங்களுக்கும் தெரியாது, அனுப்பிய நண்பருக்கும் தெரியாது. இலவசச் செயலிகளிலேயே கொம்ப்ரஸர் இருக்கும்போது இந்த ஆபத்து எதற்கு?

கேள்வி: என் பாட்டு யூடியூபில் மற்றவர்களின் பாட்டைவிடச் சத்தம் குறைவாக இருக்கிறது. மாஸ்டரில், அதாவது கலந்து முடித்த முழுப் பாட்டின் மேல் போட, தாழ்ந்த சுருதியையும் உயர்ந்த சுருதியையும் தனித்தனியாக அழுத்தும் ‘மல்டிபேண்ட்’ கொம்ப்ரஸர் ஒன்றை மாத வாடகைக்கு எடுக்கலாமா?

பதில்: வாடகைக்கு எடுக்க வேண்டாம். யூடியூப், ஸ்பொட்டிஃபை போன்ற தளங்கள் அதிகச் சத்தமான பாட்டைத் தாமே குறைத்துவிடுகின்றன. ஸ்பொட்டிஃபை வைத்திருக்கும் அளவு −14 எல்.யூ.எஃப்.எஸ். (பாட்டின் மொத்தச் சத்தத்தை அளக்கும் அலகு). அதைவிட நசுக்கி ஏற்றிய பாட்டு, மற்றவற்றோடு ஒரே அளவுக்கு இறக்கப்பட்டபின் தட்டையாகக் கேட்கும். உங்கள் பாட்டு சிறிதாகக் கேட்பதற்குக் காரணம் அநேகமாகக் கலவைக்குள் இருக்கிறது. தாழ்ந்த சுருதி ஒலி இடத்தை முழுக்க நிரப்பிக்கொண்டு குரலுக்கு வழிவிடாமல் நின்றால் மல்டிபேண்ட் அதை மறைக்கப் பார்க்கும், சரிசெய்யாது. குரலைத் தவிர மற்ற ட்ராக்குகளில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே தேவையில்லாமல் கிடப்பதை வெட்டுங்கள், பேஸையும் கிக்கையும் விட்டுவிட்டு. பிறகு செயலியில் உள்ள சாதாரண லிமிட்டரை (ஒலி ஓர் எல்லையைத் தாண்டாமல் தடுப்பது) மாஸ்டரில் போட்டு, உச்ச இடங்களில் 2, 3 டெசிபல் மட்டும் தொடும்படி வையுங்கள். அந்தப் பாட்டை உங்கள் தெருவில் நிற்கும் முச்சக்கரவண்டி ஒன்றில் போடச் சொல்லிக் கேளுங்கள். சொற்கள் புரிந்தால் ஏற்றிவிடுங்கள்.