திரையில் தடயம்: வாசகர் கேள்வி-பதில்

துப்பறியும் தொடர்களின் எபிசோடுகளைப் பார்த்துவிட்டு வாசகர்கள் கேட்டிருக்கும் சந்தேகங்களுக்குத் தடயவியலும் காவல் விசாரணை முறைகளும் அறிந்தவர்கள் இங்கே பதில் தருகிறார்கள்.

கே: ஓர் எபிசோடில் டாக்டர் சடலத்தின் கையைத் தூக்கிப் பார்த்த உடனேயே, "இரவு பத்துக்கும் பத்தரைக்கும் நடுவில் உயிர் போயிருக்கிறது" என்கிறார். அந்த அரை மணி நேரத்தை வைத்தே தம்பி மாட்டிக்கொள்கிறான். இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியுமா?

ப: முடியாது. உடல் வெப்பநிலை, விறைப்பு, ரத்தத் தேக்கம் ஆகிய மூன்றையும்தான் டாக்டர் முதலில் பார்ப்பார். இவற்றில் ஓரளவு கணக்குப் போட உதவுவது வெப்பநிலை. ஆசனவாயில் வெப்பமானி செருகி அளந்து, அறையின் வெப்பநிலையையும் அதே நேரத்தில் குறித்துக்கொள்வார்கள். மிதமான குளிரில் மணிக்குச் சுமார் ஒரு டிகிரி செல்சியஸ் குறையும் என்பது தோராயக் கணக்கு. ஆனால் இறந்தவுடன் கொஞ்ச நேரம் வெப்பம் இறங்காமல் அப்படியே நிற்கும். பருமனான உடல் மெதுவாகக் குளிரும், ஈரத் துணியில் கிடக்கும் உடல் வேகமாகக் குளிரும், அறையே 37 டிகிரியில் இருந்தால் இறங்கவே இறங்காது. எடை, உடை, காற்றோட்டம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் ஹென்ஸ்கே வரைபட முறையில்கூட, மிகச் சாதகமான நிலையிலேயே 2.8 மணி நேரம் முன்பின் ஆகலாம். அதாவது ஐந்தரை மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளி. அதற்குள் தம்பி மட்டும் அல்ல, குடும்பத்தில் எல்லோரும் வந்து போயிருக்கலாம்.

கையைத் தூக்கிப் பார்த்தது விறைப்புக்காக. அது முதலில் தெரிவது கண்ணிமையிலும் தாடையிலும்தான், இறந்து இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில். உடல் முழுவதும் பரவச் சுமார் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். வெயில் காலத்தில் சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும்.

தொடர்கள் அதிகம் கண்டுகொள்ளாத மூன்றாவது அடையாளம்தான் கதைக்கு மிகவும் பயன்படக்கூடியது. ஓட்டம் நின்ற ரத்தம் உடலின் அடிப்பக்கத்தில் தேங்கி, தோலில் ஊதா நிறமாகத் தெரியும். முதல் சில மணி நேரம் விரலால் அழுத்தினால் அந்த இடம் வெளுக்கும். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகு அழுத்தினாலும் மாறாது. சடலம் குப்புறக் கிடக்கிறது, ஊதா நிறமோ முதுகில் இருக்கிறது என்றால், இறந்து பல மணி நேரம் கழித்து யாரோ அதைப் புரட்டியிருக்கிறார்கள். கடிகார நேரத்தை விட இந்தத் தடயம் நம்பகமானது.

கே: லுமினால் தெளித்ததும் அறை முழுக்க நீலமாக ஒளிர்கிறது, உடனே "ரத்தம்" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். கையில் ஊதா விளக்கு வேறு. சரியா?

ப: இரண்டு வெவ்வேறு முறைகளை ஒன்றாகக் குழப்பியிருக்கிறார்கள். லுமினாலுக்கு விளக்கு தேவையில்லை, விளக்கு இருந்தால்தான் கெடுதல். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் என்ற பகுதியில் உள்ள இரும்பு, கரைசலில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடுடன் லுமினால் வினைபுரிவதைத் தூண்டுகிறது. அந்த வேதிவினையே ஒளி விடுகிறது. நன்றாக இருட்டிய அறையில் அரை நிமிடம்போலத் தெரிந்து மங்கிவிடும். அதனால் கேமராவை முன்கூட்டியே ஸ்டாண்டில் நிறுத்தி, நீண்ட நேரம் திறந்திருக்கும்படி வைத்துப் படம் எடுப்பார்கள். ஊதா விளக்கின் வேலை வேறு: உமிழ்நீர், விந்து போன்ற கறைகள் அதன் ஒளியில் மிளிரும். ரத்தம் மிளிராது, கறுப்பாகத்தான் தெரியும்.

ஒளிர்வதெல்லாம் ரத்தமும் இல்லை. பிளீச்சிங் திரவம், செம்பு, குதிரை முள்ளங்கி போன்ற சில தாவரச் சாறுகள் ஆகியவையும் லுமினாலை ஒளிர வைக்கும். பிளீச் சட்டென்று பளிச்சிட்டு அணைவதைப் பழகிய கண் பிரித்தறியும். ஆனாலும் அது அறிக்கைக்குப் போதாது. பிளீச் போட்டுக் கழுவிய தரையென்றால், அது ஆவியாக ஓரிரு நாள் விட்டுச் சோதிப்பது நல்லது. ஒளிர்ந்த இடத்தில் மாதிரி எடுத்து, மனித ஹீமோகுளோபினுக்கான சோதனைப் பட்டையில் விட்டுப் பார்த்த பிறகுதான் மனித ரத்தமா, விலங்கு ரத்தமா என்ற பேச்சே எழும். சுவரில் அளவுக்கு மீறித் தெளித்தால் கறை வழிந்து, ரத்தம் எந்தத் திசையிலிருந்து தெறித்தது என்பதைக் காட்டும் வடிவம் அழிந்துவிடும். அந்த வடிவம் போனால் மறுபடி கிடைக்காது. திரையில் வாளி வாளியாகத் தெளிப்பதைப் பார்க்கும்போது நமக்கு வருத்தம் வருவது இதனால்தான்.

கே: பிரிட்டிஷ் தொடர்களில் "இன்னும் ஆறு மணி நேரம்தான் இருக்கிறது" என்று பரபரக்கிறார்களே, அது கதைக்காகச் சேர்த்ததா? விசாரணை அறையில் நீளமாக ஒரு பீப் ஒலி வருவது ஏன்?

ப: கதைக்காக அல்ல, சட்டமே அப்படித்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடப்பில் இருக்கும் 1984ஆம் ஆண்டுக் காவல், குற்றச் சான்றுச் சட்டப்படி, குற்றம் சாட்டாமல் ஒருவரை 24 மணி நேரம்தான் காவலில் வைக்கலாம். கடுமையான குற்றமானால் சூப்பரின்டென்டன்ட் 36 மணி வரை நீட்டலாம். அதற்கு மேல் மாஜிஸ்ட்ரேட் அனுமதி வேண்டும், மொத்தம் 96 மணியைத் தாண்டக் கூடாது. பயங்கரவாத வழக்குகளுக்குத் தனி விதிகள். பொதுவாக, காவல் நிலையத்துக்குக் கொண்டுவந்து சேர்த்த நேரத்திலிருந்து கடிகாரம் ஓடும். தொடர்கள் பெரும்பாலும் மறைத்துவிடும் விவரம் ஒன்று உண்டு: ஒவ்வொரு 24 மணி நேரத்திலும் எட்டு மணி நேரம் தொடர்ச்சியான ஓய்வு தந்தாக வேண்டும். விடிய விடிய நடக்கும் விசாரணைக் காட்சி அந்த விதியோடு ஒத்துப்போகாது.

பீப் ஒலி, பதிவு தொடங்குவதை அறையில் இருப்பவர்களுக்குத் தெரிவிப்பது. கேசட் காலத்தில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கேசட்டுகளில் பதிவாகும், ஒன்றை விசாரிக்கப்படுபவர் கண்ணெதிரிலேயே முத்திரையிடுவார்கள். ஒலி மட்டுமே பதிவாகும் முறை என்பதால்தான் அதிகாரி, "இப்போது இந்தப் படத்தைக் காட்டுகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்கிறார்.

கே: அமெரிக்கத் தொடரில், கைது செய்தபோது உரிமைகளைப் படித்துக் காட்டவில்லை என்று வழக்கே தள்ளுபடி ஆகிறதே?

ப: 1966இல் மிராண்டா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுவல்ல. காவலில் வைத்து விசாரிக்கும் முன், பேசாமல் இருக்கலாம், வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம் என்பன போன்ற உரிமைகளைச் சொல்லும் அந்த எச்சரிக்கையைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த விசாரணையில் அவர் கூறியதை அவருக்கு எதிரான நேரடிச் சான்றாக அரசுத் தரப்பு வைக்க முடியாது. சாட்சிகளும் கைரேகையும் அப்படியே நிற்கும், வழக்கும் நடக்கும்.

கே: கைரேகையைக் கம்ப்யூட்டரில் போட்டதும் ஆயிரம் முகங்கள் ஓடி, ஒன்றில் "பொருந்தியது" என்று வந்து நிற்கிறது. உண்மையில்?

ப: முகம் எதுவும் ஓடாது. கோடுகள் முடியும் இடங்களையும் பிரியும் இடங்களையும் வைத்து, நெருங்கி வரும் பதிவுகளின் பட்டியல் ஒன்றை, மதிப்பெண் வரிசையில் இயந்திரம் கொடுக்கும். பொருந்துகிறது என்று சொல்வது மனிதர்: ஒரு நிபுணர் ஒப்பிடுவார், இன்னொருவர் சரிபார்ப்பார். பொருந்துபவரின் ரேகை சேமிப்பிலேயே இல்லாவிட்டாலும் பட்டியல் வரும் என்பதை மறக்கக் கூடாது. 2004இல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பு விசாரணையில் கிடைத்த ஒரு பையில் இருந்த ரேகையை, அமெரிக்காவின் ஒரேகான் மாநில வழக்கறிஞர் ஒருவருடையது என்று எஃப்பிஐ நிபுணர்கள் அடித்துச் சொன்னார்கள். அவரைக் காவலிலும் வைத்தார்கள். பிறகு ஸ்பெயின் போலீஸ் அது வேறொருவருடையது என்று கண்டுபிடித்தது. சேமிப்பு பெருகப் பெருக, மிகவும் ஒத்திருக்கும் அந்நிய ரேகை அகப்படும் வாய்ப்பும் கூடுகிறது. முதல் நிபுணர் என்ன சொன்னார் என்று தெரிந்த பிறகு சரிபார்ப்பவரின் கண்ணும் அதையே தேடும். தவறு நுழைவது அங்கேதான்.

கே: காலையில் தலைமுடி அனுப்பி, மதியம் டிஎன்ஏ முடிவு வருகிறது. அத்தோடு குற்றவாளி என்று தீர்ப்பும் ஆகிவிடுகிறது.

ப: வேகத்தை நாம் மன்னித்துவிடலாம், நாற்பத்திரண்டு நிமிடத்தில் எபிசோட் முடிந்தாக வேண்டும். கன்னத்தின் உட்புறத்திலிருந்து எடுத்த மாதிரியை ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கும் இயந்திரங்களும் இப்போது உண்டு. சம்பவ இடத்து மாதிரிக்கு வேலை அதிகம்: டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து, எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, பிசிஆரில் சுமார் முப்பது சுற்றுகள் பெருக்கி, நுண்குழாயில் ஓட்டி, வரைபடத்தில் வரும் முகடுகளைப் படிக்க வேண்டும். வரிசையில் காத்திருப்பு இல்லாவிட்டால் ஓரிரு நாளில் முடியும், காத்திருப்பு எப்போதும் இருக்கும். வேருடன் பிடுங்கப்படாமல் தானாக உதிர்ந்த முடியில் வழக்கமான சோதனைக்குப் போதிய டிஎன்ஏ பெரும்பாலும் கிடைக்காது. தாய்வழியாக மட்டுமே வரும் மைட்டோகாண்டிரியா டிஎன்ஏவைப் பார்க்கும் சோதனைதான் கைகொடுக்கும், அது ஒரே தாய்வழியில் வந்தவர்களைப் பிரித்துக் காட்டாது.

மன்னிக்க முடியாதது அந்தத் தீர்ப்பு. டிஎன்ஏ சொல்வது இன்னாருடைய செல்கள் இங்கே இருக்கின்றன என்பதை மட்டுமே. எப்போது வந்தன, எப்படி வந்தன என்று அது சொல்லாது. கைகுலுக்கியவர் வழியாக வேறொரு பொருளுக்குப் போயிருக்கலாம், மாதிரி எடுக்கும் கருவியிலேயே இருந்திருக்கலாம். ஜெர்மனியிலும் அண்டை நாடுகளிலும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத பல குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டிஎன்ஏ கிடைத்து, 2007இல் ஹெய்ல்பிரான் நகரில் பெண் காவலர் ஒருவர் கொல்லப்பட்ட பிறகு தேடல் உச்சத்துக்குப் போனது. 2009இல் உண்மை தெரிந்தது: அந்த டிஎன்ஏ, மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சிகளைத் தயாரித்த இடத்தில் வேலை பார்த்தவருடையது. குச்சிகள் கிருமி நீக்கம் செய்யப்பட்டவைதாம். கிருமியைக் கொல்வது வேறு, டிஎன்ஏவை அகற்றுவது வேறு. இதற்கென்றே ஐஎஸ்ஓ 18385 என்ற தரநிலை 2016இல் வந்தது. டிஎன்ஏ வேறு வழியில் வந்திருக்கலாமே என்ற ஐயத்தை ஒரு தொடராவது வழக்கறிஞர் வாயில் வைத்துக் கேட்டால், அந்த எபிசோடை எழுதியவர் வேலை தெரிந்தவர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கே: சிசிடிவி படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போய்க் கண்ணாடியில் பிரதிபலித்த முகத்தை எடுக்கிறார்கள்.

ப: பத்துப் பிக்சல் அகலத்தில் பதிவான முகத்தில் பத்துப் பிக்சலுக்கான விவரம்தான் இருக்கும். மென்பொருள் அதைத் தெளிவாக்கிக் காட்டினால், இல்லாததைத் தானே வரைந்திருக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டுவது, ஆட்டத்தை நிறுத்துவது, அடுத்தடுத்த பல பிரேம்களைச் சேர்த்து வண்டி எண்ணைப் படிக்க முயல்வது ஆகியவை உண்மையில் நடப்பவை. எந்தத் தொடரும் காட்டாத முக்கிய வேலை ஒன்று இருக்கிறது: பதிவுக் கருவியின் கடிகாரத்தைச் சரியான நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறித்துக்கொள்வது. பல கருவிகளில் நேரம் தவறாகவே ஓடும். அதைக் கவனிக்காமல் கட்டிய அலிபி, அதாவது அந்த நேரத்தில் வேறிடத்தில் இருந்தார் என்ற வாதம், இரு பக்கமும் சரியும்.

கே: சைலன்சர் மாட்டினால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்பதில்லையே?

ப: துப்பாக்கி வெடிச் சத்தம் சுமார் 160 டெசிபல். சைலன்சர் அதில் 20 முதல் 35 வரை குறைக்கும். மிச்சம் இருப்பதும் காதைத் துளைக்கும் சத்தமே. தோட்டா ஒலியை விட வேகமாகப் போனால் அது எழுப்பும் வெடிப்பொலியைச் சைலன்சரால் ஒன்றும் செய்ய முடியாது. ரிவால்வரில் மாட்டிக் காட்டினால் இன்னும் மோசம்: பெரும்பாலான ரிவால்வர்களில் உருளைக்கும் குழலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி வழியாகச் சத்தம் வெளியேறிவிடும்.

கே: கொலைகாரர் யார் என்று பாதியிலேயே தெரிந்துவிடுகிறது. சப்பென்று ஆகிவிடுகிறது. தொடரின் குறையா?

ப: எப்படித் தெரிந்தது என்பதைப் பொறுத்தது. சின்ன வேடத்தில் பெரிய நடிகர் வந்ததால் தெரிந்தது என்றால், அது நடிகர் தேர்வின் குறை. "முந்தைய எபிசோடில்" என்று வரும் தொகுப்பில் சம்பந்தமே இல்லாததுபோல ஒரு காட்சி வந்ததால் தெரிந்தது என்றால், தொகுத்தவரின் குறை. தடயங்களைக் கோத்து நீங்களாகவே கண்டுபிடித்திருந்தால் அது எழுதியவரின் வெற்றி. தேவையான எல்லாத் தடயமும் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது என்றுதானே பொருள்? கடைசி ஐந்து நிமிடத்தில் அதுவரை காட்டாத ஒரு இரட்டைப் பிறவியைக் கொண்டுவரும் எபிசோட்தான் பார்ப்பவரை ஏமாற்றுகிறது.

யார் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டும் சுவை குறையாமல் நடத்தலாம். 1971 முதல் தொடராக வந்த "கொலம்போ" பெரும்பாலும் கொலையைத் தொடக்கத்திலேயே முழுதாகக் காட்டிவிடும். பிறகு கவனம் எல்லாம் எந்த இடத்தில் கொலைகாரரின் திட்டம் பிசகியது என்பதில்தான். அந்த வகை எபிசோடை இரண்டாவது முறை பார்த்தாலும் அலுக்காது. முடிவை நம்பி மட்டும் நிற்பவற்றை இரண்டாவது முறை பார்க்க முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள்.

கே: மானிட்டரில் நேர்கோடு வந்ததும் நெஞ்சில் மின்னதிர்ச்சி தருகிறார்கள், உயிர் வருகிறது.

ப: நேர்கோட்டுக்கு அதிர்ச்சி தருவதில்லை. ஒழுங்கற்றுத் துடிக்கும் இதயத்தை ஒழுங்குக்குக் கொண்டுவரவே அந்தக் கருவி. துடிப்பே இல்லையென்றால் நெஞ்சை அழுத்துவதும் அட்ரினலின் மருந்தும்தான்.

கே: காணாமல் போனவரைப் பற்றிப் புகார் கொடுக்க வந்தவரிடம், "24 மணி நேரம் கழித்து வாருங்கள்" என்கிறார் அதிகாரி. பல தொடர்களில் பார்த்துவிட்டேன். அப்படி விதி உண்டா?

ப: அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அப்படி ஒரு விதி கிடையாது. ஆனால் இந்த ஒரு வசனத்தை நம்பி உண்மையிலேயே காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறோம்: வழக்கத்துக்கு மாறாக ஒருவர் வராவிட்டால், குறிப்பாகக் குழந்தை, முதியவர், மருந்தை நம்பி இருப்பவர் என்றால், உடனே காவல் துறைக்குச் சொல்லுங்கள். நேரம் போகப் போக சிசிடிவி பதிவுகள் மேலெழுதப்பட்டு அழியும், போன் பேட்டரி தீரும், பார்த்தவர்களின் நினைவு மங்கும். போகும்போது அண்மையில் எடுத்த போட்டோ, கடைசியாகப் போட்டிருந்த உடை, போன் எண், சாப்பிடும் மருந்துகளின் பெயர், கடைசியாகப் பார்த்த இடமும் நேரமும், நெருங்கிய நண்பர்களின் எண்கள் ஆகியவற்றை எழுதி எடுத்துப் போங்கள். அவருடைய அறையைக் கூட்டிப் பெருக்க வேண்டாம், பல் துலக்கும் பிரஷும் சீப்பும் டிஎன்ஏ ஒப்பீட்டுக்குத் தேவைப்படலாம், அவற்றைத் தொடாமல் அப்படியே விட்டுவையுங்கள்.