நீச்சல் பழகுவோர் கேள்விகள்: மூச்சும் மிதப்பும் சரியானால் தம் தானே வரும்

கிருஷ்ணகிரிப் பக்கத்தில் கிணற்றிலும் குளத்திலுமாகப் பல ஆண்டுகள் பெரியவர்களுக்கு நீச்சல் பழக்கியவன் என்ற முறையில், புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என்னால் இயன்ற விடைகளைக் கீழே தருகிறேன்.

கேள்வி (காவேரிப்பட்டணம்): எனக்கு வயது 34. நாள்தோறும் 4 கிலோமீட்டர் ஓடுகிறேன். ஆனால் 25 மீட்டர் குளத்தில் ஒரு நீளம் முடிப்பதற்குள் மூச்சு முட்டுகிறது. நுரையீரல் பலவீனமாக இருக்குமோ?

பதில்: 4 கிலோமீட்டர் ஓடுகிறவரின் நுரையீரலை நான் சந்தேகப்பட மாட்டேன். முகம் நீருக்குள் இருக்கும்போது நீங்கள் மூச்சை அடக்கிக்கொள்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். புதிதாகப் பழகுவோரில் பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். மூச்சு முட்டும் உணர்வை எழுப்புவது பெரும்பாலும் உள்ளே சேர்ந்துவிட்ட கரியமில வாயுதான். அதை நீருக்குள்ளேயே வெளியேற்றாமல், தலையைத் திருப்பிய ஒரு கணத்துக்குள் பழைய மூச்சை விடவும் புது மூச்சை இழுக்கவும் முயல்வதால், இரண்டுமே அரைகுறையாகி, நான்கைந்து கைவீச்சில் நெஞ்சு அடைப்பது போலாகிவிடுகிறது.

இடுப்பளவு நீரில் சுவரைப் பிடித்து நின்றுகொண்டு, முகத்தை அமிழ்த்தி, சூடான பாலை ஊதி ஆற்றும்போது விடுவது போல மெதுவாக மூச்சை விடுங்கள். குமிழிகள் கன்னத்தை உரசிக்கொண்டு காதோரம் ஏறும் ஒலி அறுபடாமல் கேட்க வேண்டும். விட்டுவிட்டுக் கேட்டால் நடுவில் மூச்சை நிறுத்துகிறீர்கள் என்று பொருள். பிறகு தலையைத் தூக்காமல், பக்கவாட்டில் திருப்பி, வாயால் இழுங்கள். ஒரு கண் நீருக்குள்ளேயே இருந்தால் சரியாகத் திரும்பியிருக்கிறீர்கள். இதைப் பதற்றமின்றித் தொடர்ந்து 20 முறை செய்ய முடிந்த பிறகு நீந்திப் பாருங்கள்.

கேள்வி (பாலக்கோடு): கால்கள் மூழ்கிக்கொண்டே போகின்றன. வேகமாக உதைத்தாலும் பயனில்லை.

பதில்: காற்று நிறைந்த மார்பு மிதக்கும், எலும்பும் தசையுமான கால்கள் அமிழும், தராசுத் தட்டைப் போல, நீங்கள் தலையை எவ்வளவு உயர்த்துகிறீர்களோ அவ்வளவுக்கு இடுப்பும் காலும் இறங்கும். எனவே எதிரிலுள்ள சுவரைப் பார்க்காமல், குளத்தின் அடித்தரையைப் பார்த்துக்கொண்டு நீந்துங்கள். வேகமாக உதைப்பது இதற்குத் தீர்வாகாது, ஏனெனில் தொடைத் தசைகள் பெரியவை. அவை உங்கள் மூச்சையெல்லாம் தின்றுவிடும். உதை இடுப்பிலிருந்து தொடங்க வேண்டும், முழங்கால் சற்றே மடங்கினால் போதும், கணுக்கால் தளர்ந்து பாதம் பின்னோக்கி நீண்டிருக்க வேண்டும். சைக்கிள் மிதிப்பது போல முழங்காலை வயிற்றுப்பக்கம் இழுத்தால் தொடை நீரைத் தடுக்கும் பலகையாகிவிடும்.

கேள்வி (தருமபுரி, கல்லூரி மாணவர்): நீருக்கடியில் மூச்சை அடக்கிப் பழகினால் தம் கூடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம், தம்பி. பலமுறை வேகமாக மூச்சிழுத்துவிட்டு உள்ளே போனால் கரியமில வாயு குறைந்துவிடுவதால், "மேலே வா" என்று உடல் விடுக்கும் எச்சரிக்கை தாமதமாகிறது. அதற்குள் உயிர்வளி தீர்ந்து, எந்த அறிகுறியும் இல்லாமல் நினைவு தப்பலாம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள். நண்பர்களிடமும் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி (ஓசூர்): இப்போது 50 மீட்டர் நீந்துகிறேன். நிற்காமல் 400 மீட்டர் நீந்த எப்படிப் பழகுவது?

பதில்: நிற்காமல் நீந்த வேண்டும் என்ற எண்ணத்தைச் சிறிது காலம் தள்ளிவையுங்கள். முதலில் 25 மீட்டரை 8 முறை, ஒவ்வொன்றுக்கும் இடையே 30 நொடி ஓய்வுடன் நீந்துங்கள். எட்டாவது முறையும் முதல் முறையைப் போலவே நிதானமாக அமைந்தால் ஓய்வை 20 நொடியாகவும், பிறகு 15 நொடியாகவும் குறைத்து, அதன்பின் 50 மீட்டரை 6 முறை, 100 மீட்டரை 4 முறை என்று நீட்டிச் செல்லலாம். வாரத்தில் ஒரே நாளில் இரண்டு மணி நேரம் தண்ணீரில் கிடப்பதைவிட, 40 நிமிட அளவில் மூன்று நாள் செல்வது நல்லது.

ஒரு நீளத்துக்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணிக்கொள்ளுங்கள். 24இல் முடிந்த நீளம் 30 ஆகிவிட்டால் களைப்பில் உடல் தாழ்ந்து, கை நீரைப் பிடிக்காமல் வழுக்குகிறது என்று பொருள். அந்த நிலையில் தொடர்ந்தால் தவறான முறைதான் படியும், கரையேறிவிடுங்கள்.

கேள்வி (அரூர்): எனக்கு 52 வயது, முழங்கால் வலி உண்டு. இனிமேல் கற்றுக்கொள்ள முடியுமா?

பதில்: கட்டாயம் முடியும், அம்மா. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தவளை போல் காலை அகட்டி உதைக்கும் மார்பு நீச்சல் முழங்காலின் உட்புறத்தை வருத்தும் என்பதால், மல்லாந்து நீந்துவதில் தொடங்குவது உங்களுக்கு ஏற்றது. முகமும் வெளியே இருப்பதால் அச்சமும் குறையும்.

கேள்வி (ஊத்தங்கரை): சிறு வயதில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் கற்றேன். எத்தனை மணி நேரமும் கிணற்றில் இருப்பேன். நீளமான குளத்தில் மட்டும் சோர்ந்துவிடுகிறேன். ஏன்?

பதில்: நானும் அப்படிக் கற்றவன்தான். முதுகில் கட்டிய குடுக்கை இடுப்பை உயர்த்திப் பிடித்துக்கொண்டது. அதை அவிழ்த்த நாளில் இடுப்பு இறங்கியதும், அச்சத்தில் தலையைத் தூக்கியே நீந்தப் பழகிவிட்டோம். கிணற்றில் அது உறுத்தவில்லை, ஏனெனில் பத்துக் கைவீச்சுக்குள் எதிர்ப்படி வந்துவிடும். படிக்கல்லைப் பற்றிக்கொண்டு பேசி இளைப்பாறிவிட்டுத் திரும்புவோம். அதனால் ஒவ்வொரு கைவீச்சுக்குப் பின்னும் உடலை நீட்டி வழுக்கிச் செல்ல நமக்கு வாய்க்கவே இல்லை. சுவரை உதைத்து, இரு கைகளையும் காதோடு ஒட்டி நீட்டி, அசையாமல் எவ்வளவு தூரம் செல்கிறீர்கள் என்று பாருங்கள். அந்த நீட்டத்தை நீந்தும்போதும் விடாதீர்கள். தலை தூக்கி நீந்தத் தெரிந்திருப்பது ஆபத்துக் காலத்தில் உதவும், அதையும் மறக்க வேண்டியதில்லை.

கேள்வி (பென்னாகரம்): குளத்தில் 200 மீட்டர் நீந்துகிறேன். ஒகேனக்கல்லில் நீந்தலாமா?

பதில்: குளிக்க அனுமதித்த இடத்தில் குளியுங்கள், அதைத் தாண்டிப் போகாதீர்கள். கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளிலிருந்து திறக்கும் நீர் நம் பக்கம் ஒரு துளி மழை இல்லாத நாளிலும் காவிரியில் வந்து சேரும். பாறை இடுக்குகளில் இழுக்கும் நீரை எந்தக் கைவீச்சாலும் வெல்ல முடியாது. தவறி இழுவையில் அகப்பட்டால் எதிர்த்து நீந்தாமல் மல்லாந்து, பாறையில் தலை மோதாதபடி கால்களை நீரோடும் திசையில் நீட்டிக்கொண்டு, கைகளால் சாய்வாகத் தள்ளிக் கரையை நோக்கி ஒதுங்குங்கள். எழுந்து நிற்க அவசரப்படாதீர்கள். ஓடும் நீரில் பாதம் பாறையிடுக்கில் சிக்கினால் வெள்ளம் உடலைக் குப்புறத் தள்ளிவிடும்.