நிலத்துக்குப் பத்திரம் பதிந்தால், அதில் நிற்கும் மொபைல் ஹோமும் நமக்குச் சொந்தமாகிவிடுமா?

டெக்சாஸில் இரண்டு ஏக்கர் நிலமும் அதில் நிற்கும் மொபைல் ஹோமும் (தொழிற்சாலையில் கட்டிச் சக்கரத்தில் இழுத்துவந்து நிறுத்தும் வீடு) சேர்த்து வாங்கப்போவதாகவும், சக்கரத்தைக் கழற்றிப் பல வருடமாகிவிட்டதால் நிலப் பத்திரமே போதும் என்று விற்பவர் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். போதாது. என்னிடமும் இதையேதான் சொன்னார்கள்.

நான் வக்கீல் இல்லை. "படித்தவன், கையெழுத்துப் போடுமுன் பார்த்திருக்க வேண்டாமா?" என்று கீழே எழுதத் துடிப்பவர்களுக்கு: என் மனைவி அதை நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள், நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

ஊரில் பத்திரம் நம் கையிலும் பட்டா பழைய ஆள் பெயரிலும் இருக்குமே, கிட்டத்தட்ட அந்தக் கதை. டெக்சாஸில் இந்த வீட்டுக்கென்று தனிக் காகிதம் உண்டு. மாநில வீட்டுவசதித் துறையின் ஒரு பிரிவு 'ஸ்டேட்மென்ட் ஆஃப் ஓனர்ஷிப்' என்று ஒரு தாள் கொடுக்கும். அதில் வீடு அசையும் சொத்து என்று இருந்தால், சக்கரமும் அச்சும் கழன்று சிமென்ட் கட்டைமேல் எத்தனை வருடம் உட்கார்ந்திருந்தாலும் அது அசையும் சொத்துதான். நிலப் பத்திரம் அதைத் தொடாது.

எனக்கு இது தெரியவந்தது வாங்கி ஒன்றரை வருடம் கழித்து, கூரை மாற்றக் கடன் கேட்டுப் போனபோது. வீட்டின் லேபிள் எண் என்ன என்று கேட்டார்கள். 1976 ஜூன் 15-க்குப் பிறகு கட்டிய வீடுகளில் ஒவ்வொரு பகுதியின் வெளிச்சுவரிலும் அந்த எண் பொறித்த சிவப்பு உலோகத் தகடு ஒன்று அறைந்திருக்கும். எங்களுடையது டபுள் வைடு, அதாவது இரண்டு பாதிகளை ஒட்டவைத்த வீடு, ஆகவே இரண்டு தகடுகள். யாரோ வெளிச்சுவர்மேல் புதிதாக சைடிங் பலகை அடித்தபோது இரண்டையும் மூடிவிட்டிருந்தார்கள். சமையலறை அலமாரிக்குள் ஒட்டியிருந்த விவரத்தாளின் மேல் வெள்ளை பெயின்ட். கடைசியில் அடிப்பகுதியை மறைக்கும் பலகை ஒன்றைக் கழற்றிவிட்டு, டார்ச்சும் கம்பி பிரஷ்ஷுமாக மல்லாந்து உள்ளே நுழைந்தேன். முன்பக்க இரும்புச் சட்டத்தில் துருவைச் சுரண்டிச் சாக்பீஸைத் தேய்த்ததும், அங்கே பொறித்திருந்த வீட்டின் வரிசை எண்கள் மெல்லத் தெரிந்தன. ஒரு பாதியில் கடைசி எழுத்து ஏ, மறு பாதியில் பி. அதற்குள் நெருப்பெறும்பு முதுகில் பாதியைத் தின்றிருந்தது.

அந்த எண்ணைத் துறையின் இணையதளத்தில் போட்டால், வந்த பெயர் எனக்கு விற்றவருடையதுகூட இல்லை. அவருக்கு முன் இருந்தவருடையது! போதாக்குறைக்கு வரிப் பாக்கிக்காக வீட்டின் மேல் ஒரு வில்லங்கமும் பதிவாகியிருந்தது. நிலத்துக்கு ஒரு வரிக் கணக்கு, வீட்டுக்கு இன்னொரு கணக்கு; நான் நிலத்தின் ரசீதை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டிருக்கிறேன். பதிவை முடித்துக்கொடுத்த டைட்டில் நிறுவனத்தை (சொத்தின் உரிமையைச் சரிபார்த்து அதற்குக் காப்பீடு தருபவர்கள்) கேட்டால், எங்கள் காப்பீடு நிலத்துக்கு மட்டும்தான் என்றார்கள். வீட்டையும் சேர்க்க டி-31 என்று ஓர் இணைப்பு உண்டாம். அதை முதலிலேயே சொல்ல வாய் வரவில்லை.

பழைய உரிமையாளரைத் தேடிப் பிடிப்பதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டது. லூசியானாவில் மகள் வீட்டில் இருந்தார், எண்பதைத் தாண்டிய பெரியவர். காரில் போய், நோட்டரி முன்னால் கையெழுத்து வாங்கினேன். காசு எதுவும் கேட்கவில்லை. "அந்த பீக்கன் மரம் இன்னும் காய்க்கிறதா?" என்று மட்டும் கேட்டார். அவர் உயிரோடு இல்லாதிருந்தால் வாரிசுகளைத் தேடிக் கோர்ட்டுக்கு அலைந்திருப்பேன்.

பிறகு நடந்தது சுருக்கமானது. வரிப் பாக்கியைக் கட்டி, பாக்கியில்லை என்று எழுதி வாங்கி, துறையின் 1023 எண் படிவத்தில் அசையாச் சொத்தாகக் கருதும்படி தேர்வுசெய்து, 55 டாலரோடு அனுப்பினேன். தாள் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 60 நாட்களுக்குள் அதன் சான்றிட்ட நகலை கவுன்ட்டியின் நிலப் பதிவேட்டில் பதிந்து, பதிந்ததைத் துறைக்கும் தெரிவிக்க வேண்டும். அதுவரை அது அசையும் சொத்தேதான். (இதெல்லாம் டெக்சாஸ் நடைமுறை. "எங்கள் ஃப்ளோரிடாவில் அப்படி இல்லையே" என்று சண்டைக்கு வராதீர்கள். அங்கே வேறு ஸ்டிக்கர், வேறு அலுவலகம்.)

இவ்வளவு அலைச்சலுக்கு நடுவே நம்மவர்களின் நக்கல் வேறு. புதுமனைப் புகுவிழாவுக்கு வந்த நண்பர் ஒருவர், சாம்பார் சாதத்தை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டே, "சக்கர வீட்டுக்கு வாஸ்து எந்தத் திசையில் பார்ப்பது?" என்று கேட்டார். முப்பது வருடக் கடனில் செங்கல் வீடு வாங்கியவர். குப்பைத் தொட்டியை ஒரு நாள் கூடுதலாகத் தெருவில் விட்டதற்குக் குடியிருப்போர் சங்கம் அவருக்கு அபராதம் போட்ட கதையை நான் யாரிடமும் சொன்னதில்லை. இன்று சொல்லிவிட்டேன்.

முன்பணம் கொடுக்குமுன் வரிசை எண்ணைக் கேளுங்கள். விற்பவர் தெரியாது என்றால் டார்ச், கம்பி பிரஷ், முழுக்கைச் சட்டை.