இசை மேடை: உறுமலுக்கு நடுவே ஒரு வயலின்

கேள்வி: பொறியியல் படிக்கும் என் மகன் இரவெல்லாம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நி ஆப்லிவிஸ்காரிஸ் என்ற ஆஸ்திரேலியக் குழுவின் பாடல்களைக் கேட்கிறான். ஒருநாள் வாங்கிக் கேட்டேன். வயலின் இனிமையாகத் தொடங்கியது. சற்று நேரத்தில் குரல்வளையை நெரித்தாற்போல ஓர் உறுமல். “இதுவும் கிளாசிக்கல்தான் அம்மா” என்கிறான். சிறுவயதில் வயலின் கற்றவள் நான். அவன் சொல்வது சரியா? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: பாதி சரி, அம்மா. அந்தப் பாதியை விளக்கத்தான் கொஞ்சம் இடம் வேண்டும்.

மெல்போர்ன் நகரில் 2003-இல் உருவான அந்தக் குழு வாசிப்பது, கரகரக்கும் மின்கிதாரும் அதிரடி டிரம்மும் கொண்ட ‘மெட்டல்’ என்ற ராக் இசை வகை. மூன்று பாடல்கள் மட்டும் கொண்ட மாதிரிப் பதிவை 2007-இல் வெளியிட்டது. முதல் முழு ஆல்பம் 2012-இல்தான் வந்தது. வானொலி சீந்தாத இந்த வகை இசையை ‘அண்டர்கிரவுண்ட்’ என்பார்கள். 1980-களில் ரசிகர்கள் ஒலிநாடாக்களைத் தபாலில் அனுப்பி, பதிலுக்கு வேறொன்றைப் பெற்று வளர்த்த வட்டம் அது. ஸ்விட்சர்லாந்தின் செல்டிக் ஃப்ராஸ்ட் குழு 1987-லேயே தந்தி வாத்தியங்களையும் ஆப்பரா பாணிப் பெண் குரலையும் இந்த இரைச்சலுக்குள் கொண்டுவந்துவிட்டது. கிரேக்கத்தின் செப்டிக்ஃப்ளெஷ் 2008-இல் பிராக் நகரத்து ஆர்கெஸ்ட்ரா ஒன்றையே உடன் வாசிக்க வைத்தது.

ஆனால் ஆர்கெஸ்ட்ரா இருப்பதாலேயே ஒரு பாட்டு கிளாசிக்கல் ஆகிவிடாது. இந்த வகையில் வெளிவரும் பல ஆல்பங்களில் வயலின்கள் கல்யாண வாசலில் கட்டிய வாழைமரம் மாதிரி நிற்கின்றன; அவிழ்த்து எடுத்துவிட்டாலும் கல்யாணம் நடக்கும். உங்கள் மகன் கேட்கும் குழுவை நான் மதிப்பதற்குக் காரணம், அங்கே வயலினை எடுத்துவிட்டால் பாட்டே நிற்காது என்பதுதான். 2014-இல் வந்த அவர்களுடைய ‘சிட்டாடெல்’ ஆல்பத்தில் 16 நிமிடங்களைத் தாண்டும் பாடல் ஒன்று உண்டு. அதில் பக்கவாத்தியமாக ஒதுங்காமல் பாட்டை நடத்திச் செல்வது பல இடங்களில் வயலின்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மெட்டல் கிதாரின் கரகரப்பு, மின்னொலியை வேண்டுமென்றே சிதைத்துப் பெறுவது. அந்தச் சிதைவில் சட்ஜத்தோடு காந்தாரத்தைச் சேர்த்து மீட்டினால் ஒலி கலங்கி, சேறாகிவிடும். பஞ்சமத்தைச் சேர்த்தால் தெளிவாக நிற்கும். அதனால் அவர்கள் பெரும்பாலும் ச-ப-ச என்று மட்டுமே பிடிக்கிறார்கள். ‘பவர் கார்டு’ என்று அவர்கள் பெயர் வைத்திருப்பது நம் தம்புராவின் சுருதியேதான். அதன்மேல் வயலின் உறுத்தாமல் உட்காருவது இதனால்தான். அடுத்த முறை கேட்கும்போது, உறுமலை விட்டுவிட்டுக் கிதாரின் அடிநாதத்தை மட்டும் பிடித்துப் பாருங்கள்.

மற்றப் பாதிக்கு வருகிறேன். அவன் சொல்லும் ‘கிளாசிக்கல்’ ஐரோப்பிய மரபைச் சேர்ந்தது. பெரும்பாலும் முன்கூட்டியே இயற்றி, ஒத்திகை பார்த்து வாசிப்பது. நீங்கள் கற்றதில் உள்ள மனோதர்மத்துக்கு, அதாவது வாசிக்கும்போதே கற்பனையில் விரிப்பதற்கு, அங்கே இடம் மிகக் குறைவு. இதை அவனிடம் சண்டையாக இல்லாமல் சொல்லலாம். பழைய வயலின் இன்னும் பரணில் இருந்தால் அதை இறக்கிவைத்துக்கொண்டே சொல்லலாம்.

கேள்வி: எங்கள் குடும்பம் தவில் குடும்பம். மெட்டல் டிரம்மர்கள் போடும் கணக்கு நம் லயத்துக்கு ஈடாகுமா? (வாசகர், கல்லிடைக்குறிச்சி)

பதில்: கணக்கு உண்டு, முடிக்கும் முறைதான் வேறு. ஸ்வீடனின் மெஷுகா குழுவை எடுத்துக்கொள்வோம். சிம்பல் நாலு நாலாகத் தட்டிக்கொண்டிருக்க, கிதாரும் கால் டிரம்மும் அதற்கு ஒவ்வாத நீளத்தில் ஒரு சொற்கட்டை, அதாவது தாளக் கோவையை, திரும்பத் திரும்ப வாசிக்கும். 32 மாத்திரைக்குள் 7 மாத்திரைச் சொற்கட்டு நான்கு முறை வந்தால் 28, மிச்சம் 4. ஐந்தாவது முறை தொடங்கி, 4 மாத்திரையிலேயே வெட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பது அவர்கள் வழக்கம். உங்கள் தந்தையாரோ 10 மாத்திரைத் தீர்மானத்தை (முடிப்புச் சொற்கட்டை) மூன்று முறை வாசித்து, இடையில் ஒவ்வொரு மாத்திரை கார்வை (இடைவெளி) விட்டு, 32-ஐ நிரப்பி, தாளம் தொடங்கும் சமத்தில் வந்து இறங்குவார். அவர்கள் வெட்டுகிறார்கள், நாம் நிரவுகிறோம். கேட்பவர் தலை இரண்டுக்கும் ஆடத்தான் செய்கிறது. கோயில் கொடையில் நையாண்டி மேளத்துக்கு முன்னால் நின்று பழகிய காதுக்கு, இரட்டைக் கால் பெடல் டிரம்மின் வேகம் அப்படியொன்றும் அந்நியமாக இராது.

கேள்வி: நண்பர்களோடு குழு அமைத்து உறுமிப் பாடிப் பழகுகிறேன். தொண்டை கெட்டுவிடுமா? (மாணவர், அம்பாசமுத்திரம்)

பதில்: முறையாகப் பழகியவர்கள் கத்துவதில்லை. உண்மையான குரல்நாண்களுக்கு மேலே உள்ள பொய்க் குரல்நாண் மடிப்புகளை அதிரவைத்து, அடிவயிற்று மூச்சால் அந்த ஒலியை எழுப்புகிறார்கள். நேரில் நின்று கேட்டால், மைக் இல்லாமல் அது எவ்வளவு சன்னமாக இருக்கிறது என்று வியப்பீர்கள். வலியோ குரல் கம்மலோ வந்தால் அன்றே நிறுத்திவிட்டுக் காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: மெட்டலோடு நம் மரபைக் கலந்தவர்கள் உண்டா? அப்படிக் கலப்பது முறையா? (வாசகர், எட்டயபுரம்)

பதில்: உண்டு. 1992-இல் சிங்கப்பூரில் தொடங்கிய ருத்ரா குழு டெத் மெட்டல் என்ற உறுமல் வகை மெட்டலில் சமஸ்கிருத சுலோகங்களைப் பாடி, அதற்கு ‘வேதிக் மெட்டல்’ என்றே பெயர் சூட்டியது. பெங்களூரின் புராஜெக்ட் மிஷ்ரம் கர்நாடக சங்கீதத்தையும், சிக்கலான அமைப்புள்ள புராக்ரெசிவ் மெட்டலையும் இணைக்கிறது.

முறையா என்று எட்டயபுரத்திலிருந்து ஒருவர் கேட்பதுதான் எனக்கு வேடிக்கை. உங்கள் ஊர் அரசவையில் வித்துவானாக இருந்த பாலுஸ்வாமி தீட்சிதர்தான், வெள்ளைக்காரர்களின் வயலினைக் கற்று நம் கச்சேரிக்குக் கொண்டுவந்தவராகப் போற்றப்படுகிறார். 1835-இல் உங்கள் ஊரிலேயே மறைந்த அவருடைய அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதர், ஆங்கிலேயரின் பாண்டு மெட்டுகளைக் கேட்டுச் சங்கராபரணத்தில் நோட்டுஸ்வர சாகித்தியங்கள் செய்தார். அவற்றுள் ஒன்று, இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டு. அவர் அந்த மெட்டுகளின்மேல் கமகத்தை, அதாவது ஸ்வரங்களை அசைத்து இழைக்கும் நம் முறையை, திணிக்கவில்லை. அவற்றின் நேர்கோட்டு நடையை அப்படியே விட்டு, சாகித்தியத்தை மட்டும் தம்முடையதாக்கினார். இன்றைய கலப்புகளை நான் கேட்கும்போது தேடுவதும் இந்த நிதானத்தைத்தான். தோடி ராகத்தின் காந்தாரத்தை அசைக்கத் தெரியாத கிதாரில் தோடியை வாசிப்பதைவிட, கமகம் அதிகம் கேட்காத ஒரு ராகத்தை எடுத்துக்கொள்வது நல்லது. முத்துஸ்வாமி தீட்சிதரின் சமாதிக்குப் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், ஒரு மாலை அங்கே உட்கார்ந்து அந்த நோட்டுஸ்வரங்களை மறுபடி கேளுங்கள்.